சூரியனைத் துரத்திய தோசைக்கல்

எங்கள் வீட்டில் சூரியன் மற்ற ஊர்களைவிட அரை மணி நேரம் முன்னதாகவே மறைந்துவிடும். இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. செஞ்சியில் எங்கள் தெருவுக்கு நேர் மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து மேலே இருக்கும் கோட்டையை அண்ணாந்து பார்த்து, படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மலைக்குப் பயந்து சாயங்காலச் சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கியது நாங்கள்தான்.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் கட்டுப்பாடு. தவறிப்போய் இருட்டில் ஒரு வாய் உள்ளே போய்விட்டால், மறுநாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்து அதைச் சரிக்கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதெல்லாம் கட்டுப்பாடான எந்தச் சமண வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் பொழுது எப்போது சாய்கிறது என்பதில் எங்கள் தாத்தா தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தார். காலண்டரில் போட்டிருக்கும் நேரத்தை அவர் மதிக்கமாட்டார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

நைனா, அதாவது என் அப்பா, ஒருமுறை வாதாடிப் பார்த்தார். “மலைக்கு அந்தாண்ட மேல்மலையனூர்க்காரன் இன்னும் வெயில்ல நின்னுக்கினு இருக்கான்” என்றார். “அப்ப நீ மேல்மலையனூர் போயி சாப்டுட்டு வா” என்றார் தாத்தா. அதோடு அந்த வழக்கு தள்ளுபடியானது.

தாத்தாவின் சட்டத்தால் அதிகம் அடிபட்டது அத்தைதான். நைனாவின் தங்கை. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வேலை முடிந்து பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்போது சூரியன் மலையுச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அம்மா ஒற்றைத் தோசைக்கல்லை வைத்துக்கொண்டு தாத்தாவுக்கு ஊற்றி, நைனாவுக்கு ஊற்றி, அத்தையின் முறை வரும்போது முற்றம் மங்கியிருக்கும். வாரத்தில் பாதி நாள் அத்தை பட்டினியாகப் படுத்தாள். பசிக்கவில்லையா என்று கேட்டால், “பசி மலைக்கு அந்தாண்ட போயிடுச்சுடி” என்று சிரிப்பாள். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தைக்குப் பக்கத்தில் படுப்பதால் அவள் வயிறு உருளும் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும்.

ஒருநாள் அத்தை நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கரண்ட் தோசைக்கல். எங்கள் இரும்புக்கல் வட்டமாக, அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும். இது சின்னப் பெஞ்சுப் பலகை மாதிரி நீளமாக, கறுப்புப் பூச்சோடு பளபளத்தது. ஒரே நேரத்தில் நான்கு தோசை ஊற்றலாம். ஓரத்தில் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு, அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு, சுற்றிலும் எண்ணெய் வழிந்து இறங்க ஒரு சின்ன வாய்க்கால்.

“நெருப்பே இல்லாம எப்டி வேவும்?” என்று அம்மா மோவாயில் கை வைத்தாள். தாத்தா குனிந்து கல்லின் அடியில் பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், கடைசியில் நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

“இதுல ஜுவாலை இல்ல பாரு. விட்டில் பூச்சி வந்து வுழாது. ஒரு உசுரு சாவாது. இது நம்மளுக்குன்னே செஞ்ச அடுப்பு” என்றார். அன்றிலிருந்து அதற்கு அஹிம்சை அடுப்பு என்று பெயர் வைத்தார்.

அஹிம்சை அடுப்புக்கு விரதங்கள் அதிகம். அத்தை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரில் முக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது ஈரம் படக் கூடாது. எவர்சில்வர் கரண்டி பட்டால் கறுப்புப் பூச்சு கீறிக்கொள்ளும், மரக்கரண்டிதான். சிவப்பு விளக்கு எரியும்போது மாவை ஊற்றக் கூடாது, விளக்கு அணைந்தால்தான் கல் பதமாகக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரண பிளக்கில் சொருகினால் வீடே இருண்டுவிடும், ஃபிரிட்ஜுக்குப் போட்டிருக்கும் பெரிய பிளக்தான் தாங்கும். ஊரில் எல்லோரும் கல்லில் வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பார்கள். எங்கள் வீட்டில் வெங்காயம் வாசற்படி தாண்டாது என்பதால் சுரைக்காய்க் காம்பை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்போம். எல்லாம் முடிந்து கல் ஆறியதும் ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்துச் சாய்த்து வைக்க வேண்டும்.

“முனிவருக்குக்கூட இத்தினி விரதம் கிடையாது” என்றார் நைனா.

ஆனால் அதன் பலன் உடனே தெரிந்தது. அத்தை தெருமுனையில் திரும்பும்போதே நான் ஓடிவந்து சொல்வேன். அம்மா திருகைத் திருப்புவாள். அத்தை கைகால் கழுவுவதற்குள் நான்கு தோசை தயாராகிவிடும். மலைக்கும் அத்தைக்கும் நடந்த பந்தயத்தில் அத்தை ஜெயிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் சாயங்காலம் என்பது அதன் பிறகுதான் சிரிப்பும் பேச்சுமாக ஆனது.

அம்மாவுக்கு மட்டும் ஒரு மனக்குறை. பாத்திரம் என்று ஒன்று இருந்தால் அதைத் தேய்க்க வேண்டும் அல்லவா? தேங்காய் நாரும் புளியும் போட்டு அழுத்தித் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, அதில் தன் முகம் தெரிந்தால்தான் அம்மாவுக்கு அது சுத்தம். துடைத்து மட்டும் வைக்கும் பாத்திரம் அவளுக்குக் குளிக்காமல் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி. கல்லைப் பார்க்கும்போதெல்லாம் அவள் விரல்கள் துறுதுறுக்கும்.

இந்த நேரத்தில்தான் அத்தைக்கு வரன் வந்தது. வந்தவாசிப் பக்கத்தில் ஒரு கிராமம். மாப்பிள்ளை விதைக்கடை வைத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் காப்பியை மட்டும் குடித்துவிட்டு, “இன்னொரு நாள் வரோம்” என்று சொல்லிப் போனார்கள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால் என்ன அர்த்தம் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த மாப்பிள்ளையை அத்தைக்குப் பிடித்திருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தரகர் கொடுத்த படத்தை அத்தை தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். இவரும் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். சொன்னால் நான் போய்ச் சண்டை போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவர்கள் வருவதாகச் சொன்ன பங்குனி ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிக்காக அம்மா வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரங்களையும் கிணற்றடியில் கொண்டுவந்து குவித்தாள். எல்லாம் தேய்த்து முடித்த பிறகு, கூட்டத்தோடு கூட்டமாகக் கரண்ட் தோசைக்கல்லையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கறுப்பாக இருப்பதைப் பார்த்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது அவள் கவலை. நாரையும் புளியையும் வைத்து ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். தலைக்குக் குளித்துவிட்டு அத்தை வெளியே வந்து, “ஐயோ அண்ணி!” என்று அலறியபோது பாதிக் கல் வெளுத்திருந்தது. மீதிப் பாதி மட்டும் தப்பித்தது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்த அத்தை, துணியை எடுத்து அவளே துடைத்து வைத்தாள்.

மத்தியானமே வர வேண்டியவர்கள் வழியில் வேன் டயர் பஞ்சராகி, வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, அம்மாவுக்கு அக்காவான பெரியம்மா. நான்கு பேர்தான் என்றாலும் பெரியம்மாவை நான்கு பேராகக் கணக்கு வைக்க வேண்டும். வெள்ளை வெளேரென்ற தலை, ஒல்லி உடம்பு, யாரையும் நேராகப் பார்க்கும் கண். அந்த வீட்டில் ஒரு புடவை எடுப்பதானாலும் பெரியம்மா சம்மதிக்க வேண்டும் என்று தரகர் எச்சரித்திருந்தார். விரதத்தில் அவர் தாத்தாவுக்கே பாட்டி என்றும் சொல்லியிருந்தார். சிறுவயதில் எடுத்த விரதம், ஒருநாள்கூடத் தவறியதில்லையாம்.

இதைக் கேட்டுத் தாத்தாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன் தரப்பையும் நிலைநாட்ட வேண்டாமா? “எங்க ஊட்டுல காலண்டர் அஸ்தமனம் கிடையாதுங்க. மலை மறைச்சா முடிஞ்சுது. அதுக்கப்பறம் அமிர்தமே வந்தாலும் தொடமாட்டோம்” என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். பெரியம்மா தலையை மெதுவாக ஆட்டினார். “நல்ல பழக்கம்” என்றார். நைனா மலைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

பேச்சு நீண்டது. யாருக்கு யார் எந்த வழியில் உறவு என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு யுகம் ஆனது. ஒரு வழியாக மாப்பிள்ளையின் அப்பா, “எங்களுக்குத் திருப்தி” என்றார். அறைக்குள் கதவோரம் நின்ற அத்தை என் கையை நசுக்கினாள். “அக்கா என்ன சொல்றீங்க?” என்று அவர் பெரியம்மாவைப் பார்த்தார். “அதான் கை நனைக்கப் போறமே” என்றார் பெரியம்மா.

அம்மா சிட்டாகப் பறந்து அடுக்களைக்குப் போனாள். நைனா இலை எடுக்க எழுந்தார். அப்போது முற்றத்தில் இருந்த வெளிச்சம், யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் போய்விட்டது. எல்லோரும் வெளியே பார்த்தார்கள். ராஜகிரி சூரியனை மறைத்துக்கொண்டு நின்றது.

தாத்தாவின் வாய் திறந்து மூடியது. வானத்தில் வெளிச்சம் இருந்தது, நேரமும் இருந்தது, எந்தக் காலண்டரைக் கேட்டாலும் இன்னும் அஸ்தமனம் ஆகவில்லை என்றுதான் சொல்லும். ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் சற்று முன்தான் அமிர்தத்தையே தொடமாட்டேன் என்று பெருமையடித்திருந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பதைத் தாத்தா அன்று குடும்பத்தோடு உட்கார்ந்து அனுபவித்தார்.

“ஊருக்கு ஊரு பழக்கம். உங்க ஊட்டுச் சட்டத்த நாங்க ஒடைக்கக் கூடாது” என்று பெரியம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “இன்னொரு நாள் வரோம்.”

அத்தை என் கையை விட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தபடி சண்டை போட வேண்டிய நேரம் இதுதான் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பெரியம்மாவோடு சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. மாப்பிள்ளையும் எழுந்து, செருப்பைத் தேடுகிற சாக்கில் கதவுப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று நைனா, “சூரியன் இங்கதான போச்சு? சிங்கவரம் ரோட்டுல இருக்குதே!” என்றார்.

சிங்கவரம் போகிற வழியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த எங்கள் கொல்லைக்கு அடுத்த கொல்லைக்காரர் நைனாவின் சிநேகிதர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கொல்லையோரமாகவே புதிதாக மாடிவீடு கட்டியிருந்தார். அங்கே மலைகள் ஒதுங்கிக்கொள்ளும், மேற்கே கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளிதான். நைனா போனை எடுத்து அவரிடம் விஷயத்தைச் சொன்னார். மாமாவின் குரல் வெளியே எங்களுக்கே கேட்டது.

“தாராளமா வாண்ணே. ஆனா இன்னிக்கின்னு பாத்து எங்க ஊட்டுல கருவாட்டுக் கொழம்பு!”

நைனா போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் நகர்ந்தார். கருவாடு கொதித்த அடுப்பில் இவர்களுக்குச் சமைக்க முடியாது. காற்றடிக்கும் மொட்டை மாடியில் கேஸ் அடுப்பும் நிற்காது. அறைக்குள்ளிருந்து அத்தை என் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். நான் நடுவீட்டுக்கு ஓடிப்போய், “அஹிம்சை அடுப்பு!” என்று கத்தினேன்.

தாத்தாவுக்கு உயிர் வந்தது. எங்கள் கல், எங்கள் மாவு, எங்கள் நெய், எங்கள் வெல்லம், எங்கள் இலை. அவர்கள் வீட்டிலிருந்து வேண்டியது கொஞ்சம் கரண்ட் மட்டும். பெரியம்மா யோசித்தார். “அவங்க ஊட்டுக் கரண்ட்டு நமக்கு ஆவுமா?” என்று கேட்டார்.

“கரண்ட்டு நெய்வேலியிலருந்து வருதும்மா” என்றார் தாத்தா. “வழியில யார் ஊட்டுல தங்கிட்டு வந்தா நமக்கு இன்னா?”

பெரியம்மாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. அது சிரிப்பா என்று நான் தீர்மானிப்பதற்குள் அவர் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. தோசைக்கல் என் மடியில். மாவுத் தூக்கு அம்மாவின் இரண்டு கால்களுக்கும் நடுவில். சட்னிக் கிண்ணத்தைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு நைனா. இலைக்கட்டோடு தாத்தா. பட்டுப்புடவையில் அத்தை கடைசி இருக்கையில், மாப்பிள்ளை முன் இருக்கையில், நடுவில் அணைக்கட்டு மாதிரி பெரியம்மா. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணையும் பெண் வீட்டாரையும் மாவையும் ஏற்றிக்கொண்டு சூரியனைத் துரத்தியது செஞ்சி வரலாற்றில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஊரைத் தாண்டி வேன் திரும்பியதும் மஞ்சள் வெயில் எல்லோர் முகத்திலும் அடித்தது. “தோ இருக்குது!” என்று நான் கத்த, மாப்பிள்ளை கைதட்டினார்.

மாமா வாஷிங் மிஷினுக்காகப் போட்டிருந்த பெரிய பிளக்கிலிருந்து மாடிக்கு ஒயர் இழுத்து வைத்திருந்தார். மாடி முழுக்கத் தண்ணீர் தெளித்து, நான்கு மூலையிலும் கட்டுக்கட்டாக ஊதுபத்தி கொளுத்தியிருந்தார். கருவாட்டோடு ஊதுபத்தி போராடி நூலிழையில் வென்றுகொண்டிருந்தது. தாத்தா என்னை மேற்குப்பக்கக் கைப்பிடிச்சுவரின் ஓரம் ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்தினார்.

“உன் வேலை சூரியனப் பாக்கறது. முழுசா போனதும் சத்தமா சொல்லணும். நீ சொல்ற வரைக்கும் பொழுது இருக்குதுன்னு அர்த்தம். புரியுதா?”

இவ்வளவு பெரிய பதவியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நான் கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன்.

சிவப்பு விளக்கு அணைந்ததும் அம்மா வரிசையாக நான்கு தோசை ஊற்றினாள். எடுக்கப் போனபோதுதான் காலையில் தேய்த்த தேய்ப்பின் பலன் தெரிந்தது. இரண்டு தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. அம்மா பதறிப்போய்த் திருகைக் கூட்ட, மற்ற இரண்டும் கருகின. கை நனைக்கிற இலையில் பிய்ந்த தோசையை யார் வைப்பார்கள்? எல்லாம் மாமாவின் மாட்டுக்குப் போனது. அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

உதவி செய்ய வேண்டுமென்று மாமாவின் மனைவி கீழேயிருந்து ஓடிவந்தார். “வெங்காயம் தேச்சா ஒட்டாதுக்கா!” என்று அவர் நீட்டிய கையில் பாதி வெங்காயம் இருந்தது. தாத்தா அந்த வயதில் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் வேட்டியை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நின்று, “காத்து நல்லா வருதுங்க!” என்றார். அந்த அம்மாளும் விஷயம் புரிந்து, வெங்காயத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்த வழியே இறங்கினார்.

அப்போதுதான் அத்தை எழுந்து வந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். திருகைக் குறைத்தாள். மரக்கரண்டியால் ஒட்டியதைப் பதமாக ஒதுக்கி, துணியால் துடைத்தாள். வாழையிலைக் காம்பைக் கிள்ளி எண்ணெயில் தொட்டு, தேய்க்காத பாதியில் மட்டும் தடவினாள்.

“அண்ணி, அந்தப் பக்கத்த விட்டுடுங்க. இந்தப் பக்கம் நம்ம பேச்சக் கேக்கும்” என்றாள்.

சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருந்தாள். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் அவசரப்படவில்லை. மாவு விழுந்து, பரவி, ஓரம் சிவந்து, தோசை தானாகவே மேலே எழும்பியது. முழுசாக, வட்டமாக, பொன் நிறத்தில். மாப்பிள்ளையின் அம்மா, “அட!” என்றார். ஒன்று மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு. நெய்யும் வெல்லமும் மணத்தது. மாப்பிள்ளை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்கலாமா என்று யோசிக்கும்போதே இரண்டாவது இலையில் விழுந்தது. அவரும் அத்தையும் அப்போது பார்த்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு சூரியனைப் பார்ப்பது ஒரு கண்ணுக்குத்தான் வேலை.

பெரியம்மா மட்டும் இன்னும் சாப்பிடவில்லை. “அவங்க சாப்புடட்டும்” என்று சொல்லிவிட்டு, அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நனைக்காமல் மற்றவர்கள் நனைத்து என்ன பிரயோசனம்? சூரியன் பாதியாகிவிட்டது. “பாதி!” என்று நான் அறிவித்தேன். அத்தை அடுத்ததை ஊற்றினாள். “கால்!” என்றேன். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்து, அணைந்தது. எல்லோரும் கல்லைச் சுற்றிக் குனிந்துகொண்டு, தோசைக்கு அவசரம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா மட்டும் தள்ளி, மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

தோசை வந்ததும் பெரியம்மா அதை இலையோடு வாங்கிக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். சூரியன் நகக்கண் அளவுக்கு இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் தோசையை விண்டார். வெல்லத்தை வைத்து மடித்தார். சூடு அதிகம், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி ஊதினார்.

சூரியன் போயே போய்விட்டது.

நான் மூச்சை இழுத்து, கத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் நெய்யும் வெல்லமுமாகப் பெரிய தோசைத்துண்டு ஒன்று வந்து அடைத்தது. “வாய்ல வச்சிக்கினு பேசக் கூடாது. மெல்லு. நல்லா மெல்லு” என்றார் பெரியம்மா என் காதோரமாக. பிறகு இன்னொரு துண்டை விண்டு தன் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, மெதுவாக மென்று விழுங்கினார். ஒரே ஒரு துண்டுதான். மீதித் தோசையை என் கையில் கொடுத்தார்.

திரும்பி எல்லோரையும் பார்த்து, “கை நனைச்சிட்டேன். பொண்ணு எங்க ஊட்டுப் பொண்ணு” என்றார்.

அம்மா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். மாமா கீழேயிருந்து விசில் அடித்தார். அத்தை மரக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தாள், அவள் காது மடல்கள் சிவந்திருந்தன. அதற்குள் நான் ஒரு வழியாக மென்று விழுங்கிவிட்டு, கடமை தவறாமல், “போயிடுச்சு!” என்று கத்தினேன். “சரியான நேரத்துக்கு முடிச்சோம்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. நான் சொல்லும்வரை பொழுது இருக்கிறது என்பதுதானே ஏற்பாடு. தாத்தாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கடுமையான பெரியம்மா தன் கையாலேயே எனக்கு ஊட்டிவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு பேர் இருக்கும்போது என்னைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் வந்தவாசியிலிருந்து போன் வந்தது. நாள் குறிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா நடுவில் ஒரு விஷயம் சொன்னார். பெரியம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லையாம். கேட்டால், வயிறு சரியில்லை என்கிறாராம். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. “கடைசித் தோச சரியா வேவல போலக்குது. எல்லாம் நான் தேச்ச தேய்ப்பு” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தோசையில் முக்கால்வாசி சாப்பிட்டவள் நான். என் வயிறு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வயதானவர், தாங்கவில்லை போலும் என்று எனக்கும் வருத்தமாக இருந்தது.

தாத்தா மெதுவாக எழுந்து முற்றத்துக்குப் போனார். வந்தவாசி இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்து நின்றுகொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். வேகாத தோசையைச் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனவருக்கு எதற்காக இவ்வளவு பெரிய கும்பிடு என்று எனக்கு விளங்கவே இல்லை.